ஜாலியன்வாலாபாக் தெரியும், குஜ்ரன்வாலா ஏன் தெரியாது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

1919 ஏப்ரல் 13 என்றதும் பள்ளிப் பிள்ளைகூட ஜாலியன்வாலாபாக் என்று சொல்லிவிடும். மறுநாள் ஏப்ரல் 14 அன்று, அதே பஞ்சாபில், குஜ்ரன்வாலா என்ற ஊர்மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. வரலாறு எடுத்துப் படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை.

ஊரில் கலவரம் நடந்தது உண்மை. ரயில் நிலையத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். லாகூரிலிருந்து விமானங்கள் வந்தன. ஊருக்குள் குண்டு விழுந்தது, கால்சா உயர்நிலைப் பள்ளி விடுதிமேலும் விழுந்தது. பக்கத்தில் துல்லா என்ற கிராமத்தில் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் செத்தார்கள். வயலில் நின்றுகொண்டிருந்தவர்களை வானத்திலிருந்தே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள்.

தான் ஆளுகிற ஜனங்கள்மேல் ஒரு அரசாங்கம் விமானத்தில் வந்து குண்டு போடுகிறது. காலத்துக்கும் பேசப்பட்டிருக்க வேண்டிய செய்தி. ஆனால் ஒன்று நூறு வருஷமாக நெஞ்சில் நிற்கிறது, இன்னொன்று நழுவிப்போய்விட்டது. ஒரு கொடுமை ஊரறிந்த கொடுமையாக ஆவதற்கு எது காரணம்? எனக்கென்று ஒரு எண்ணம் இருக்கிறது. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

நெல்மணி

எண்ணிக்கைதானே சார் காரணம்? ஜாலியன்வாலாபாக் இருக்கிற அமிர்தசரஸில் அரசாங்கக் கணக்கே 379. காங்கிரஸ் விசாரணைக் குழு ஆயிரம் பேர் வரை என்றது. குஜ்ரன்வாலாவில் பத்துப் பன்னிரண்டு பேர். பெரிய சாவு பெரிதாகப் பேசப்படும். இதில் புதிர் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வைகைக்கரை

எண்ணிக்கைதான் காரணம் என்றால் நெல்லி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. 1983 பிப்ரவரி 18. அஸ்ஸாமில் வங்காள முஸ்லிம்கள் வாழ்ந்த கிராமங்கள். சில மணி நேரத்தில் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்பது அரசாங்கமே சொன்ன கணக்கு. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், ஓட முடியாதவர்கள். நூற்றுக்கணக்கில் வழக்குப் பதிந்தார்கள், ஒருவருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. அதை விசாரித்த திவாரி கமிஷனின் அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது. நம் ஊரில் நெல்லி என்றால் எத்தனை பேருக்குச் சட்டென்று புரியும்? ஜாலியன்வாலாபாகைவிட நமக்குக் காலத்தால் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது அது!

நெல்மணி

சரி, அது நியாயமான கேள்வி. அப்படியானால் யார் கொன்றார்கள் என்பதைப் பொறுத்ததா? வெள்ளைக்காரன் கொன்றால் நாம் ஒரே குரலில் பேசலாம். நெல்லியில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அதைப் பேசினால் நமக்குள் சண்டை.

வழக்குமன்றம்

நெல்மணி சொன்னது பாதி. இன்னொரு பாதி, கொன்றவன் வாயாலேயே வந்த வாக்குமூலம். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் கமிட்டி முன்னால், சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் வந்து நின்றபோது மறைக்கவே இல்லை. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் தன் நோக்கமாக இருக்கவில்லை, பஞ்சாப் முழுவதும் ஒரு பாடம் கற்கவேண்டும் என்று நினைத்தேன் என்ற பொருளில் சொன்னார். சிமன்லால் செதல்வாட் கமிட்டி உறுப்பினர். அவர் விடாமல் கேட்டார்: சந்து குறுகலாக இல்லாமல் கவச வண்டிகள் உள்ளே போயிருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா? அநேகமாக ஆமாம் என்றார் டயர். காயம்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்றதற்கு, அது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரி திறந்துதான் இருந்தது, போயிருக்கலாமே என்றார். அன்றிரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வந்தால் சுடுவோம் என்று உத்தரவு போட்டிருந்தவரே அவர்தான்.

50 சிப்பாய்கள், சுமார் பத்து நிமிஷம், 1,650 குண்டு. இந்தக் கணக்கெல்லாம் சுட்டவர்கள் பக்கமிருந்தே வந்தது. மறுக்க யாருக்கும் வழியில்லை. அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

செவ்வந்தி

டயர் சொன்னதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம். ரத்தன் தேவி சொன்னதையும் யாராவது சொல்லவேண்டும். காங்கிரஸ் விசாரணையில் அந்த அம்மா கொடுத்த வாக்குமூலம் அச்சில் இருக்கிறது. காந்தி, சி.ஆர்.தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் சேர்ந்து விசாரித்து 1920 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை.

பிணங்களுக்கு நடுவே தேடிப் புருஷனைக் கண்டுபிடிக்கிறார். உடலை வீட்டுக்குத் தூக்கிப்போகக் கட்டில் கேட்டு ஆள் அனுப்புகிறார், ஊரடங்கு என்பதால் யாரும் வரவில்லை. இரவு முழுவதும் உடல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நாய்களை விரட்ட ஒரு மூங்கில் கழி கிடைத்தது, அதைக் கையில் வைத்திருந்தேன் என்கிறார். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் அடிபட்டுக் கிடந்தவன், என்னை விட்டுப் போய்விடாதீர்கள் என்று கெஞ்சுகிறான். குளிருகிறதா, போர்த்திவிடட்டுமா என்று இவர் கேட்கிறார். அவன் தண்ணீர் கேட்கிறான். அங்கே தண்ணீர் கிடைக்கவில்லை.

இதைப் படித்த பிறகு 379 என்ற எண் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நினைவு நிற்பதற்கு எண்ணிக்கை காரணமில்லை, இப்படி ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதிவைத்ததுதான் காரணம். நெல்லியில் பிழைத்தவர்களிடமும் இப்படிச் சொல்ல நிறைய இருந்திருக்கும். பதிந்த அறிக்கையைப் பூட்டிவைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்?

வைகைக்கரை

செவ்வந்தி, வழக்குமன்றம் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஆனால் குஜ்ரன்வாலாவுக்கும் இரண்டுமே இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. குண்டு போட்ட கேப்டன் கார்பெரியும் அதே ஹண்டர் கமிட்டி முன்னால் வந்து சாட்சி சொன்னார். கூட்டமாகப் போனவர்களைக் கொஞ்சம் பேரைக் கொன்றால் மற்றவர்கள் ஊருக்குள் வந்து நாசம் செய்யமாட்டார்கள், அவர்கள் நன்மைக்காகவே செய்தேன் என்ற தோரணையில் பேசினார். டயருக்குக் கொஞ்சமும் குறையாத வாக்குமூலம். யார் நினைவிலும் இல்லை.

இப்போது என் எண்ணத்தைச் சொல்கிறேன். 1920 ஜூலை 8, லண்டன் காமன்ஸ் சபை. டயர் விஷயத்தில் அரசாங்கத் தரப்பில் பேசியவர் யுத்த மந்திரி சர்ச்சில். அமிர்தசரஸ் ஒரு அரக்கத்தனமான நிகழ்ச்சி, பிரிட்டிஷ் சாம்ராஜ்ய வரலாற்றில் அதுபோல் வேறு இல்லை, தனித்து நிற்கிறது என்று கண்டித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் 'தனித்து' என்ற இடத்தைக் கவனியுங்கள். ஒரு ஜெனரல், ஒரு தோட்டம், பத்து நிமிஷம். அவரை விலக்கிவிட்டால் சாம்ராஜ்யம் சுத்தம்.

விமானத்தை அப்படி ஒதுக்க முடியாது. அதே சர்ச்சில் காலத்தில்தான் ஈராக்கில் கிளர்ச்சி செய்த ஊர்களை விமானத்தால் அடக்குவது சிக்கனமான வழி என்று முடிவாகிறது, 1920களில் அதுவே வழக்கமாகிறது. குஜ்ரன்வாலாவைக் கொடுமை என்று ஒப்புக்கொண்டால் ஈராக்கில் செய்வதை என்ன சொல்வது? ஹண்டர் கமிட்டியின் பெரும்பான்மை உறுப்பினர்கள் டயரைக் கண்டித்தார்கள், அந்த நெருக்கடியில் விமானம் அனுப்பியது தவறில்லை என்றே எழுதினார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களாலும் கைகழுவ முடிகிற கொடுமை பெயர் பெறுகிறது. ஆட்சி நடத்தும் முறையாகவே ஆகிவிட்ட கொடுமைக்குப் பெயர்கூடக் கிடைப்பதில்லை.

கொங்குக்காற்று

ஐயா, கைகழுவினார்கள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. காமன்ஸ் கண்டித்தது சரி. பிரபுக்கள் சபை டயர் பக்கம் 129க்கு 86 என்று ஓட்டுப் போட்டது. ஒரு லண்டன் பத்திரிகை அவருக்காக நிதி திரட்டி 26,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. நம் ஜனங்களுக்கு ஆறாத ரணம் ஆனது அதனால்தான். சுட்டதைக்கூட ஒரு வெறியன் செய்தான் என்று விட்டிருப்பார்கள், அவனுக்குப் பணமுடிப்பு கொடுத்தார்களே!

வைகைக்கரை

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணமுடிப்பு இல்லையென்றால் 1920இல் காந்தி பின்னால் அத்தனை பேர் போயிருப்பார்களா என்பது சந்தேகமே. கண்டித்தவர்களும் பாராட்டியவர்களும் சேர்ந்தே அந்தப் பெயரைப் பரப்பினார்கள்.

உசிலைக்காரன்

அண்ணே, நீங்க சொன்ன 'ஆட்சி நடத்தும் முறை' என்கிறது எங்க பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3. ஜாலியன்வாலாபாக் முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை. சில சாதிகளையே குற்றவாளிகள்னு முத்திரை குத்தின குற்றப்பரம்பரைச் சட்டத்துல பிறமலைக் கள்ளர் எல்லாரும் வந்து ரேகை வைக்கணும்னு உத்தரவு. எங்க ஆளுக ரேகைச் சட்டம்னுதான் சொல்லுவாங்க. வைக்க மாட்டோம்னு ஊர் நின்னுச்சு. போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தாங்க. அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளை, அடிபட்டுக் கிடந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கப் போனவங்க.

ஊர்ல நினைவுத்தூண் இருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் 3க்குக் கூட்டம் வரும், மாலை போடுவாங்க, தலைவர்கள் வருவாங்க. நோட்டீஸ்ல எல்லாம் 'தென்னகத்து ஜாலியன்வாலாபாக்'னு போடுறாங்க. எனக்கு அது பிடிக்கிறதில்ல. எங்க சாவை அடுத்தவன் சாவோட பேரை வச்சுச் சொன்னாத்தான் காது கொடுப்பாங்கன்னா, எங்க கதைக்கே பேர் இல்லைன்னுதானே அர்த்தம்.

இன்னொன்னு. அமிர்தசரஸ்ல ஒரு நாள் சுட்டாங்க. இங்க சுட்டது ஒரு நாள், சட்டம் பல வருஷம். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். ராத்திரியானா வயசு வந்த ஆம்பளைக போலீஸ் கச்சேரியில போய்ப் படுக்கணும். பெரியவங்க பேச்சுல துப்பாக்கிச் சூட்டைவிட இந்தப் படுக்கைதான் அதிகமா வரும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தாலும் போய்ப் படுக்கணும். மதராஸ் மாகாணத்துல 1947ல்தான் சட்டம் போச்சு.

நெல்மணி

உசிலைக்காரன் அண்ணே, தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊர் பெயர் நாற்பது வயசுக்கு மேல்தான் காதில் விழுந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஏப்ரல் 3 கூட்டத்துக்கு வேறு சாதிக்காரர்கள் வருகிறார்களா?

உசிலைக்காரன்

சில பேர் வருவாங்க. தோழர்கள், ஆராய்ச்சி பண்றவங்க. பெரும்பாலும் எங்க ஆளுகதான். நீங்க கேட்டது சரியான கேள்வி. ஒரு சமூகம் தோளில் தூக்கி வச்சதாலதான் அழியாம இருக்கு. அதே தோள் இருக்கிறதால மத்தவங்க அது அவங்க சமாச்சாரம்னு ஒதுங்கிடுறாங்க. குறவர், வலையர்னு எத்தனையோ பேர் அந்தச் சட்டத்துல மாட்டினாங்க. அவங்களும் நாங்களும் சேர்ந்து ஒரு நாளை நினைக்கிறதில்ல. அது எங்க பக்கத்துக் குறைதான்.

கடைமடை

தோழர் சொன்ன தோள் விஷயம் வெண்மணிக்கு வேறு விதமாக நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது, செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தது, இவைதான் குற்றம். பயந்து ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வெளியே தாழ்ப்பாள், பிறகு தீ. கீழ்க்கோர்ட்டில் நிலக்கிழார்களுக்குத் தண்டனை கிடைத்தது. மேலே போனதும் விடுதலை. அந்தத் தீர்ப்பில் உள்ள ஒரு வாதம் இன்றைக்கும் எங்கள் வட்டாரத்தில் பேசப்படும்: இவ்வளவு நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை.

கட்சி இருந்ததால் வெண்மணி மறக்கப்படவில்லை. ஸ்தூபி கட்டினார்கள், ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். எங்கள் ஊரில் அன்றைக்குப் பலருக்குக் கிறிஸ்துமஸ் என்பது இரண்டாவது நினைப்புத்தான். ஆனால் நீண்ட காலம் அது கூலிப் போராட்டமாகவே சொல்லப்பட்டது. செத்த 44 பேரும் தலித்துகள் என்பது அடுத்த வரியில் வரும், சில சமயம் வராமலே போகும். இதைக் கேட்டால் கட்சித் தோழர்களுக்குக் கோபம் வருகிறது, கேட்காவிட்டால் சேரிப் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. என் அபிப்பிராயம், இரண்டும் சேர்ந்ததுதான் வெண்மணி. நெல் கேட்டதற்காக மட்டும் குழந்தைகளோடு சேர்த்து யாரும் எரிக்கமாட்டார்கள். இவர்கள் கேட்டதா என்ற ஆத்திரம் அது.

யாழ்வாசி

எல்லோரும் ஞாபகத்தைச் சுமக்கிற ஆக்களைப் பற்றிக் கதைக்கிறியள். சுமக்க விடாத இடமும் இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடிச்சுப் போட்டவை. பெடியள் வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தவங்கள். ரெண்டு மூண்டு நாளுக்குள்ள திரும்ப அத்திவாரக் கல் வைச்சது. இடிச்ச பிறகுதான் அந்தத் தூபியைப் பற்றி உலகம் முழுக்கத் தெரிய வந்தது. தூபி நிண்ட காலத்தில வெளியில ஆரும் எழுதேல்லை.

கொங்குக்காற்று

ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்க வேண்டாம். இப்படி ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டே இருந்தால் பகை எப்போது ஆறும்? அமிர்தசரஸ் நடந்து இருபத்தொரு வருஷம் கழித்து, 1940 மார்ச் 13 அன்று, லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உதம் சிங் மைக்கேல் ஓடயரைச் சுட்டார். 1919இல் பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் அவர். உதம் சிங்கைத் தூக்கிலிட்டார்கள். நாம் வீரன் என்கிறோம். ஆனால் இன்னொரு கொலையில் போய் முடிகிற நினைவு நல்லதா?

வழக்குமன்றம்

கொங்குக்காற்று, அதே ஓடயரை இன்னொருவர் எதிர்த்து நின்றார். சேத்தூர் சங்கரன் நாயர். பாலக்காட்டுப் பக்கம் மங்கரைக்காரர், மதராஸ் ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர், 1897இல் காங்கிரஸ் தலைவர். 1919இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். பஞ்சாபில் நடந்ததற்காக ராஜினாமா செய்தார். 1922இல் ஒரு நூல் எழுதினார். அது காந்தியைக் கடுமையாக எதிர்த்து எழுதிய நூல். அதில் பஞ்சாப் கொடுமைகளுக்கு ஓடயர் பொறுப்பு என்று எழுதியிருந்தார். ஓடயர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924இல் ஐந்து வாரம் நடந்தது. நீதிபதி மக்கார்டி வெளிப்படையாகவே டயர் செய்தது சரி என்ற பக்கம் பேசினார். ஜூரி பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் நாயருக்கு எதிர். 500 பவுண்டு நஷ்டஈடு, அதற்கு மேல் வழக்குச் செலவு. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்றார்கள். நாயர் கேட்கவில்லை, பணத்தைக் கட்டினார்.

இதுவும் நினைவுதான். இதில் ரத்தம் இல்லை. உதம் சிங்குக்குக் கிடைத்த இடம் இவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போத்தனூர் பாசஞ்சர்

எங்கள் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது, இந்த இழைக்குப் பொருத்தமானது. 1921 நவம்பர். மலபார் கிளர்ச்சியில் பிடித்தவர்களைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்து பெல்லாரி ஜெயிலுக்கு அனுப்பினார்கள், நூறு பேர் அளவில். கதவைச் சாத்தி முத்திரையிட்ட பெட்டி. போத்தனூரில் திறந்தபோது உள்ளே பிணங்கள். அப்புறம் இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர் வரை. காற்றுக்காக வைத்த கம்பிவலையில் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். வைகைக்கரை சார் சொன்ன கணக்குப்படி இங்கே பழி மனிதன்மேல்கூட விழவில்லை, பெட்டிமேல் விழுந்தது.

திரூரில் நகர மண்டபமே அவர்கள் நினைவாகத்தான். கேரளத்தில் 'வேகன் டிராஜடி' என்றால் தெரியாதவர் குறைவு. கோயம்புத்தூர்க்காரர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரியுமா? கதவு திறந்தது நம் ஸ்டேஷனில். செத்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். அதனால் கதை ரயிலேறி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது.

செவ்வந்தி

குஜ்ரன்வாலாவுக்கும் ஏறக்குறைய இதுதானே நடந்தது? 1947இல் ஊர் பாகிஸ்தான் பக்கம் போனது. அங்கிருந்த சீக்கியரும் இந்துக்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். குண்டு விழுந்த கால்சா பள்ளி அங்கே, அதில் படித்தவர்கள் குடும்பம் இங்கே. பிரிவினையில் அவர்கள் பார்த்த சாவுக்கு முன்னால் 1919 பேசவே தோன்றியிருக்காது. அமிர்தசரஸில் 1920லேயே வசூல் செய்து தோட்டத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள். கைவிட்டுப் போகாத ஒரு இடம் இருந்தது. வைகைக்கரை ஐயா சொல்லும் அரசியல் காரணத்தோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இடம் இருந்தும் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் புதுப்பித்தார்கள். டயரின் ஆட்கள் உள்ளே வந்த அந்தக் குறுகிய சந்தின் இரு பக்கமும் இப்போது சிலைகள். அந்தச் சந்தின் வெறுமைதான் முன்பு போனவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியது: இவ்வளவு ஒடுக்கமான வழியை அடைத்துக்கொண்டு சுட்டார்கள். ஜனங்கள் தப்பிக்கக் குதித்த கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. மாலையில் ஒலி ஒளிக் காட்சி. எனக்கு மனசு ஆறவில்லை.

நெல்மணி

நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம் வைகைக்கரை சார். டயரைத் தனித்துக் காட்டியதால் மற்றதெல்லாம் மறைந்தது என்றால், டயரைக் கண்டித்ததே வீண் என்றாகிறதே?

வழக்குமன்றம்

குறுக்கிடுகிறேன். வீண் இல்லை. ஹண்டர் கமிட்டியில் மூன்று இந்தியர்கள் இருந்தார்கள்: செதல்வாட், ஜகத் நாராயண், சுல்தான் அகமது கான். தனியாக ஒரு அறிக்கை எழுதினார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஹண்டருக்கும் செதல்வாடுக்கும் வாக்குவாதம் முற்றி, நீங்கள் எல்லோரும் பிரிட்டிஷாரை இந்த நாட்டைவிட்டு விரட்டப் பார்க்கிறீர்கள் என்று ஹண்டர் கத்தினார். இதைச் செதல்வாட் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம்.

அந்த மூன்று பேரும் டயரோடு நிற்கவில்லை. பஞ்சாபில் ராணுவச் சட்டம் போட்டதே தேவையில்லை என்றார்கள். அமிர்தசரஸ் சந்தில் ஜனங்களை வயிற்றால் ஊர்ந்துபோகச் சொன்ன உத்தரவையும் எடுத்துப் பேசினார்கள், குஜ்ரன்வாலா விமானத்தையும் எடுத்துப் பேசினார்கள். பெரும்பான்மை அறிக்கையும் இவர்கள் அறிக்கையும் ஒன்றாகவே அச்சானவை, நல்ல நூலகங்களில் கிடைக்கும். கார்பெரி சாட்சியம் தனித் தொகுதியில் இருக்கிறது. உசிலைக்காரன் கேட்டால் பெருங்காமநல்லூர் பற்றிய அரசாணைகளைச் சென்னை ஆவணக் காப்பகத்தில் எப்படித் தேடுவது என்று தனிமடலில் சொல்கிறேன்.

உசிலைக்காரன்

சொல்லுங்க சார். நான் மட்டும் இல்ல, வலையர் சங்கத்து நண்பர் ஒருத்தரும் கூட வரணும்னு சொல்றாரு. ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுங்க.